பழைய மிடி ஃபைலா? முதலில் சேனல் வாரியாகப் பிரியுங்கள்

தொண்ணூறுகளின் மிடி ஃபைலை (ஒலியை அல்ல, எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்ற குறிப்பைச் சேமிக்கும் ஃபைல்) இன்றைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் திறந்தால் எல்லாம் ஒரே டிராக்கில், ஒரே பியானோ ஒலியில் கேட்கிறதா? நோட்டுகளைக் கையால் பிரிக்க உட்காராதீர்கள். சேனல் வாரியாகப் பிரிக்கும் கட்டளையைக் கொடுங்கள். கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் அதன் பெயர் ‘டிசால்வ் பார்ட்’.

0 வகை மிடி ஃபைலில் டிராக் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு நோட்டும் 1 முதல் 16 வரையிலான தன் சேனல் எண்ணோடுதான் (பொதுவாக ஒரு வாத்தியத்துக்கு ஒரு சேனல்) பதிவாகியிருக்கும். 1991-இல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி 10-ஆம் சேனல் டிரம்ஸ்; அதைத் தனியே எடுத்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

எல்லா வாத்தியத்தையும் ஒரே சேனலில் வாசித்து வைத்திருந்தால் இது உதவாது. ரோலண்ட் எம்டி-32 என்ற பழைய ஒலிக் கருவிக்காக எழுதியதைப் பிரிக்கலாம், ஆனால் அதன் ஒலி எண்கள் வேறு. புல்லாங்குழல் இருந்த இடத்தில் வேறு ஏதாவது ஊதும். அதற்கு, அந்தக் கருவியைப் போலவே கணினியில் ஒலிக்கும் மன்ட் எமுலேட்டரைப் போடுங்கள்.