‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள்: செவிலியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்து வார்டுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “என்ன ஆச்சி, புரிஞ்சுதா?” பதிலும் மாறாது: “புரிஞ்சுது சிஸ்டர்.” எதிர்த்துக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் தலையாட்டிவிடுவார்கள். நோயாளியையும் குடும்பத்தையும் கவனிப்பில் சேர்த்துக்கொள்ளச் செவிலியர்களைப் பழக்குகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

“வீட்ல ஊசியை எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க ஆச்சி” என்று கேட்கப் பழக்குங்கள். இன்சுலினையே பாருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்துள்ள குப்பிக்கு ‘40’ என்று போட்ட சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ‘100’ என்று போட்ட சிரிஞ்சு. 100 மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிரிஞ்சை அவர் கையில் கொடுத்தால்தான் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும். தடுமாறினால் கடிந்துகொள்ளக் கூடாது. “நான் சொன்னது தெளிவா இல்ல போல, இன்னொரு தடவை பாப்போம்” என்றால் போதும்.

அடுத்தது, சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிடுவது. டிஸ்சார்ஜ் அன்று மருந்துக்கும் வண்டிக்கும் அலையும் மகனிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடப்போவதும், தலைமாட்டை உயர்த்தி மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றப்போவதும் மருமகள். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார் என்று சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலந்தான் அவர் வர முடியுமென்றால், சொல்லிக்கொடுப்பதும் சாயங்காலந்தான்.

“உப்பைக் குறைங்க” என்பதும் பாதிப் பேச்சு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று பேர் சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பெற்றோரை வாசலிலேயே நிறுத்துவது பழைய வழக்கம். அவர்களை உள்ளே விட்டுப் பழக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதற்காகச் செவிலியர் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. டிரிப்பின் வேகத்தைக் கவனிப்பது சிஸ்டரின் பொறுப்பு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அரங்கில் படம் போட்டுக் காட்டினால் இந்தப் பழக்கம் வராது. மூத்த சிஸ்டர் ஒருவர் கட்டில் பக்கம் நின்று, புதியவர் பேசுவதைக் கேட்டு, பிறகு தனியே கூப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த நேரத்தையும் டியூட்டி கணக்கில் சேருங்கள்.