விருந்தாளி வரும் பக்கத்தில் நிதானியுங்கள்

பிற நாட்டு நாவலைப் படிக்கும்போது கதையின் வேகத்தில் ஓடிவிடாதீர்கள். வீட்டுக்கு ஒருவர் வரும் இடத்தில் நிதானியுங்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முதல் நாவலில் (1958), கொடுத்த கடனைக் கேட்க ஒருவர் வருகிறார். வந்தவுடன் கேட்பதில்லை. விருந்தாளியை வரவேற்க வைக்கும் கோலாக் கொட்டையை உடைத்துப் பகிர்ந்து, முன்னோரை வேண்டி, ஊர் நடப்பைப் பேசி, பழமொழிகளை அடுக்கிய பிறகே கடன் பேச்சு எழுகிறது. நைஜீரியாவின் இக்போ இன மக்களின் மரியாதை முறை அந்தச் சில பக்கங்களிலேயே துலங்கிவிடுகிறது! இத்தகைய இடங்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

ஒரே நாவலை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடவும் வேண்டாம். அடுத்து நைஜீரியப் பெண் எழுத்தாளர் ஃபுளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966) நாவலை எடுங்கள். அதே இக்போ சமூகம்தான். ஆனால் இங்கே கதையின் நடுவில் நிற்பவள் வணிகத்தில் கைதேர்ந்த ஒரு பெண்.