செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்குச் சந்தா கட்டுவதற்கு முன்

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி ஆகிய மூன்று செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களையும் இலவசமாகவே பயன்படுத்தத் தொடங்கலாம். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது, இன்றைய வரம்பு முடிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள் என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். பலர் அந்த நிமிடத்தில்தான் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்கிறார்கள். அவசரத்தில் எடுக்கும் அந்த முடிவைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். 2023 பிப்ரவரியில் சாட்ஜிபிடியின் பிளஸ் என்ற கட்டணத் திட்டம் மாதம் 20 டாலருக்கு அறிமுகமானது. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அதன் விலை வரியுடன் சேர்த்து மாதம் 1,999 ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 24,000 ரூபாய் ஆகிறது. அதே மாதத்தில் 399 ரூபாய்க்கு கோ என்ற சிறிய திட்டமும் வந்தது. எனவே கட்டுவதா வேண்டாமா என்பதோடு, எந்தப் படியில் நிற்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இலவசத் திட்டம் உங்களைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எதனால் நின்றது, நின்றதால் என்ன இழப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். காலையில் வரம்பு முடிந்து, பிற்பகலில் மீண்டும் திறந்ததும் வேலையை முடிக்க முடிந்திருந்தால் அது இழப்பே அல்ல. ஒரு வாடிக்கையாளருக்கு மாலைக்குள் அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு பாதியில் நின்றிருந்தால் அது இழப்பு. சில உதவியாளர்கள் வரம்பு முடிந்ததும் நின்றுவிடாமல், திறன் குறைந்த சிறிய மாதிரிக்கு (மாதிரி என்பது பதிலை உருவாக்கும் மென்பொருள்) உங்களை மாற்றிவிடுகின்றன. அதைக் குறிக்கும் சிறு எழுத்து அறிவிப்பைக் கவனிக்காதவர்கள், நேற்று நன்றாக எழுதியது இன்று ஏன் இப்படி எழுதுகிறது என்று குழம்புவார்கள். குறிப்பேட்டில் இதையும் பதிவு செய்ய வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்கள் ஆங்கில மதிப்புரைகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அதிகத் துண்டுகளாக உடைகின்றன. 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன்கள் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35 ஆகக் குறைந்திருந்தது. நிலைமை பெரிதும் மேம்பட்டிருக்கிறது என்றாலும் இடைவெளி முற்றிலும் மறைந்துவிடவில்லை. உரையின் நீளத்தையும் கணக்கில் எடுத்து வரம்பு விதிக்கும் கிளாட் போன்றவற்றில், ஒரே பொருளைத் தமிழில் கேட்பவருக்கு வரம்பு விரைவில் வந்துவிடும். அதோடு, நீங்கள் ஒரு புதிய கேள்வி கேட்கும்போது அந்த உரையாடல் முழுவதையும் மாதிரி மீண்டும் கருத்தில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேலை மாறும்போது புதிய உரையாடலைத் தொடங்குங்கள். இந்த ஒரு பழக்கமே பலருக்கு இலவசத் திட்டத்தைப் போதுமானதாக ஆக்கிவிடும்.

உங்கள் குறை எண்ணிக்கையில் இல்லாமல் தரத்தில் இருந்தால், பணம் அதைத் தீர்க்குமா என்று சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துவிட்டு, ஸ்கேன் செய்த கோப்பை இலவசத் திட்டத்தில் கொடுத்து, சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்து விவரத்தையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வந்த பதிலைப் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிழை இருந்தால், ஒரே ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டி, அதே கோப்பையும் அதே கேள்வியையும் கொடுங்கள். அங்கும் சர்வே எண் தவறாக வந்தால், உங்களுக்குத் தேவை தெளிவான ஸ்கேன்தான். இலவசத்தில் பாதிப் பக்கங்களோடு நின்றது கட்டணத் திட்டத்தில் கடைசிப் பக்கம் வரை சரியாக வந்தால், பத்திர வேலையே தொழிலாக உள்ளவர் தயங்காமல் கட்டலாம்.

பணம் கட்டிவிட்டால் நம் தகவல் பாதுகாப்பாகிவிடும் என்று எண்ணுவது தவறு. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இந்த எண்ணம்தான். சாட்ஜிபிடியின் இலவசத் திட்டத்தைப் போலவே பிளஸ் திட்டத்திலும், உங்கள் உரையாடல்களை மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை நீங்களே அமைப்புகளில் சென்று அணைக்க வேண்டும். நிறுவனங்களுக்கான திட்டங்களில்தான் அது இயல்பாகவே அணைந்திருக்கும். நோயாளிகள், மாணவர்கள், வழக்குக்காக வரும் கட்சிக்காரர்கள் ஆகியோரின் விவரங்களைக் கையாள்பவர்கள் எந்தத் திட்டத்தில் இருந்தாலும் முதலில் இந்த அமைப்பைப் பார்த்துவிட வேண்டும்.

கட்டுவதென்று முடிவு செய்தால், முதலில் உங்கள் கைபேசி இணைப்போடு ஏதாவது சலுகை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற உதவியாளரின் கட்டணத் திட்டமான புரோவை ஓராண்டுக்கும், ஜியோ தகுதியுள்ளவர்களுக்கு ஜெமினியின் கட்டணத் திட்டமான கூகுள் ஏஐ புரோவை 18 மாதங்களுக்கும் இலவசமாக அறிவித்தன. சலுகை முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். விலையும் வரம்பும் மாதங்களுக்குள் மாறும் துறை இது. சொந்த இணையதளத்தோடு இணைக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சந்தா பயன்படாது, மற்ற மென்பொருள்களோடு இணைக்க உதவும் ஏபிஐ என்ற வழியின் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதால் சந்தா ரத்தாகாது. ஆப்பிள் வழியாகக் கட்டியிருந்தால் அங்கும், கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால் அங்கும், இணையதளத்தில் கட்டியிருந்தால் அந்தக் கணக்கிலும் சென்று ரத்து செய்ய வேண்டும். பொதுவாக, ரத்து செய்த பிறகும் கட்டிய மாதம் முடியும் வரை வசதிகள் தொடரும். எனவே சோதனைக்காகச் சேர்பவர்கள் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிட்டு, அந்த மாதம் முழுவதும் வேலை செய்து பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் சேரலாம்.