பழைய சி10-இல் எல்எஸ் இன்ஜின்: முதலில் பெட்ரோல் லைனைப் பாருங்கள்

1967-72 செவ்ரோலே சி10 பிக்கப்பில் 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜினை (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8) ஏற்றுகிறவர்கள் மவுண்டை, அதாவது இன்ஜினைச் சேசிஸில் பிடித்து வைக்கும் தாங்கியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது சுலபம், அடாப்டர் பிளேட் கடையிலேயே கிடைக்கும். படுத்துவது பெட்ரோல் லைன்தான். பழைய கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ் இன்ஜின் 58 கேட்கும், அதனால் எலெக்ட்ரிக் பம்ப், அந்த அழுத்தம் தாங்கும் ஹோஸ், டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன் எல்லாம் வேண்டும். இந்த வண்டியில் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது, பழைய ரப்பர் ஹோஸையே வைத்து ஒப்பேற்றினால் கசிவது உங்கள் முதுகுக்குப் பின்னால்!

அந்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். 1999-2003 செவ்ரோலே கொர்வெட் காரின் பெட்ரோல் ஃபில்டரை வாங்குங்கள், ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது: ஒரு பக்கம் பம்பிலிருந்து வருவதும் டேங்குக்குத் திரும்புவதும், மறுபக்கம் இன்ஜினுக்குப் போவது. டேங்குக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடலாம்.

அப்புறம், சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் ஸ்டீம் குழாயை அடைத்துவிடாதீர்கள், ரேடியேட்டரின் மேல்பக்கம் இணையுங்கள். ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நின்றுபோனால் பம்பைத் திட்டுவதற்கு முன், ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) திருட்டுத் தடுப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.