நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? இன்சூரன்ஸ் பேச்சை இப்போதே தொடங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மாட்டுக்குத் தாது உப்பு, கோழிக்குச் சொட்டு மருந்து என்று வருகிறவர்களுக்கு நடுவே, துண்டில் பொதிந்த நாய்க்குட்டியோடு வருகிறவர்களும் இப்போது அதிகம். "எக்கா, இதுக்கு இன்சூரன்ஸ் உண்டுமாமே, போடணுமா?" என்று கேட்பார்கள். உண்டு, போடலாம். ஆனால் குட்டியை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்கவேண்டிய கேள்வி அது. பின்னாளில் கிளெய்ம் கிடைக்குமா கிடைக்காதா என்பது, குட்டியின் முதல் மூன்று நான்கு மாதத்தில் நீங்கள் சேர்த்துவைக்கும் காகிதங்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் வயது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது. முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்து, "இப்பம் எடுத்தாதான் பழகும்" என்று தருகிறவரிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, போட்ட ஊசி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கு ரசீதும் வேண்டும். காப்பீட்டுத் தொகையை நாயின் விலையை வைத்துக் கணக்கிடும் பாலிசிகளில் அந்த ரசீதுதான் ஆதாரம்.

அடுத்தது தடுப்பூசிப் புத்தகம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஊசி போட்டதும் டாக்டர் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன லேபிளை உரித்து அந்தப் பக்கத்தில் ஒட்டுவார். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் ஊசி போட்ட தேதி, கையெழுத்து, பதிவு எண்ணுடன் முத்திரை. இந்த நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஊசியெல்லாம் முறையாகப் போட்டிருந்தார்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் தேதி மட்டும், முத்திரை இல்லை. கிளெய்ம் மாதக்கணக்கில் இழுத்தது.

ஊசிக் கணக்கு இதுதான்: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி, அதாவது பல நோய்களுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ச்சி. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எலிக்காய்ச்சலுக்கான பாகமும் கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. எலி மூத்திரம் கலந்த நீர் தேங்காத தோப்பு இங்கே குறைவு. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடவேண்டாம். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முன்பு வளர்த்த குட்டி ரத்தபேதியில் செத்திருந்தால், பழைய தட்டையும் சாக்கையும் எரித்துவிட்டு, தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். அதே முற்றத்தில் அடுத்த குட்டியை உடனே விடாதீர்கள்.

இனி பாலிசி. நியூ இந்தியா, ஓரியண்டல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களிலும், பஜாஜ், ஹெச்டிஎஃப்சி எர்கோ போன்ற தனியார் நிறுவனங்களிலும் நாய்க்குக் காப்பீடு உண்டு. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். நாய் இறந்தால் அதன் விலையைத் தருவது ஒரு வகை. ஆஸ்பத்திரிச் செலவு, அறுவைச் சிகிச்சைச் செலவைத் தருவது இன்னொரு வகை. ஏஜென்ட் இரண்டையும் "டாக் இன்சூரன்ஸ்" என்றுதான் சொல்வார். வீட்டில் செல்லமாக வளர்க்கிற குட்டிக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது என் கருத்து. டிரிப் ஏற்றிப் பிழைக்கவைக்கும் நேரத்தில்தானே கையில் காசு வேண்டும்.

பிரீமியத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பகுதியைப் படியுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற ஊசியால் தடுக்கக்கூடிய நோய்க்கு, ஊசி முறையாகப் போட்டிருந்தால் மட்டும் பணம் தரும் பாலிசிகள் உண்டு. அறவே தராதவையும் உண்டு. பாலிசி தொடங்கி சில வாரங்களுக்கு நோய்க்கான கிளெய்ம் இருக்காது. பிறவிக் குறை, பாலிசிக்கு முன்பே இருந்த நோய், பிரசவச் செலவு ஆகியவை பெரும்பாலும் சேராது. கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்டவேண்டிய பங்கு, எவ்வளவு என்று பாருங்கள்: பத்து சதவீதம் என்றால் 20,000 ரூபாய் பில்லில் 2,000 நம் கையிலிருந்து போகும். ஓபி சிகிச்சை சேருமா, அதற்குத் தனி உச்சவரம்பு உண்டா என்பதையும் கேளுங்கள்.

நம் ஊருக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. பாம்புக்கடி விபத்தில் சேருமா? ரப்பர் தோட்டத்துச் சருகில் கண்ணாடி விரியன் கிடக்கும். குட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு போய் முகத்திலேயே கடி வாங்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் சேருமா? மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் அவசரத்துக்குத் திருவனந்தபுரம் ஓடுவார்கள், நாகர்கோவில்காரர்கள் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். அங்கே தரும் பில்லை ஏற்பீர்களா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று இமெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை உதவாது. நாய் யாரையாவது கடித்தாலோ, குறுக்கே பாய்ந்து பைக்கில் போகிறவர் விழுந்தாலோ வரும் இழப்பீட்டுக்கான பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஒடுங்கிய ரோட்டுக்கு அது தேவை. நாட்டு நாய், கலப்பு நாய் வளர்க்கிறவர்கள் அவற்றை ஏற்பார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள். ஏற்காவிட்டால் தபால் ஆபீசில் குட்டி பெயரைச் சொல்லி, மாதாமாதம் பணம் கட்டும் ஆர்டி சேமிப்பு ஒன்று போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம்.

வீட்டை ஒழுங்குபண்ணும்போது தரை மட்டத்தில் குனிந்து பாருங்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளில் ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட் கேன் தரையில்தான் இருக்கும். அதை உயரத்தில் ஏற்றுங்கள். எலி விஷம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மரச்சீனி (மரவள்ளி) தோலும் பச்சைக் கிழங்கும் விஷம், அடுக்களைப் பின்னால் குவித்துப் போடாதீர்கள். கிணற்றுக்குச் சுவர் தாழ்வாக இருந்தால் வலை போடுங்கள். மழை நாளில் சொறித்தவளையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால், தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி முகத்தைச் சாய்த்து வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

தினமும் ஒரு பழக்கம் வேண்டும். காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அமுக்கி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு எப்போதும் வெளிறியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். குட்டிதானே என்று பல்பட்ட கீறலை விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். குழந்தைகள் பயந்து மறைப்பார்கள், அதட்டாமல் கேளுங்கள்.

கிளெய்ம் வந்தால் சிகிச்சை தொடங்கிய அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு, லேப் ரிசல்ட், டாக்டரின் பதிவு எண் உள்ள பில் மூன்றும் ஒரே நாயின் பெயரில், ஒரே தேதி வரிசையில் இருக்கட்டும். நாய் இறந்துவிட்டால், அந்தத் துக்கத்தில் உடனே தென்னை மூட்டில் புதைத்துவிடுவோம். இறப்புக் காப்பீடு இருந்தால் அதற்கு முன் போட்டோ எடுத்து, கம்பெனியிடம் சொல்லி, டாக்டரின் சான்றிதழும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாங்கவேண்டியிருக்கும். கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் நமக்குச் சென்னையில் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். ஒருமுறை விட்டுப்போனால் பெரும்பாலும் மறுபடி புதுப் பாலிசிதான். காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும், இடையில் வந்த நோய் பழைய நோய்க் கணக்கில் போய்விடும், வயது கூடியிருந்தால் சேர்த்துக்கொள்ளாமலும் போகலாம்.