மூச்சை எண்ணிய காலைகள்

அப்பா இறந்தபின் நான்கு மாதங்கள் எனக்குச் சரியான தூக்கமில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் தகரக் கூரையில் மழை விழும் ஓசைக்கே நெஞ்சு படபடக்கும்.

அதற்காகத் தியானம் பழகத் தொடங்கினேன். தியானம் என்றால் மனத்தை வெறுமையாக்குவது என்று எண்ணி, முதல் இரண்டு வாரமும் நினைவுகளோடு மல்லுக்கட்டினேன். விரட்ட விரட்ட அவை பெருகின. கண்டிக்கு அருகே நிலம்பை தியான நிலையத்தில் சில நாட்கள் தங்கி வந்த அக்கா ஒருவர்தான் என்னைத் திருத்தினார்: "விரட்டாதே தங்கச்சி. மூச்சுக்குத் திரும்பி வா, போதும்." பௌத்தர்கள் ஆனாபானசதி என்று சொல்லும் பயிற்சி அது.

காலை 5 மணிக்கு, பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்புமுன் கம்பளி போர்த்தி அமர்கிறேன். சிமெந்துத் தரையின் குளிரில் முழங்கால் விறைத்ததால் கதிரைக்கு மாறினேன். சம்மணம் கட்டாயமே இல்லை. வெளிவிடும் மூச்சை 1 முதல் 10 வரை எண்ணுவேன். தவறினால் மறுபடி ஒன்று. உள்ளிழுப்பதைவிட மெதுவாக வெளிவிட்டால் இதயத்துடிப்பு தணிகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நானே உணர்ந்தேன்.

மூன்றாம் வாரம் ஒருநாள் அப்பாவின் இருமல் காதில் கேட்டது. முன்பென்றால் எழுந்து ஓடியிருப்பேன். அன்று அப்படியே இருந்தேன். கண்ணீர் கன்னத்தில் வழிந்து காய்ந்தது. பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

(மருத்துவரையும் பார்த்தேன். தூக்கம் மாதக்கணக்கில் கெட்டால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.)

நேற்றிரவு பெருமழையாம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது.