வந்த பணம் திரும்பப் போனால், கணக்கு முடங்கினால்: இணையத்தில் விற்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பொருள் விற்கத் தொடங்குகிறவர்கள் படம் எடுப்பதையும் விலை வைப்பதையும் பார்சல் கட்டுவதையும் விரைவிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் கணக்கில் வந்து சேர்ந்த பணம் சில வாரங்கள் கழித்துத் திரும்ப எடுக்கப்படலாம் என்பதையும், முன்பின் தெரியாத ஒருவர் வேறொரு மாநிலத்தில் கொடுத்த புகாரின் பேரில் தம் வங்கிக் கணக்கே முடங்கலாம் என்பதையும் பெரும்பாலோர் தமக்கு நடக்கும்வரை அறிவதில்லை. பொருளும் போய், பணமும் போய், மற்ற வாடிக்கையாளர்கள் செலுத்திய தொகையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்போது, நேர்மையாக வியாபாரம் செய்தவர் தாமே குற்றவாளிபோல் நடத்தப்படுவதாக உணர்கிறார். அந்தக் கசப்பு முற்றிலும் நியாயமானது. அதே நேரத்தில், கோபத்தில் எல்லாரிடமும் ஒரே மாதிரி முறையிடுவதால் பயன் இருக்காது. பணத்தைத் தடுத்து வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே தீர்வு முழுவதும் மாறுகிறது. இந்தியாவில் விற்கும் சிறு வியாபாரிகளை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: விற்கும்போதே ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள்

வியாபாரத்துக்கென்று ஒரு தனி நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் போகும் சேமிப்புக் கணக்கின் கியூஆர் குறியீட்டையே கடைக்கும் பயன்படுத்தினால், அது முடங்கும் நாளில் குடும்பமே நின்றுபோகும். இந்த விளக்கத்தில் வரும் எல்லா அறிவுரைகளிலும் இதுவே எளிதானது. இதையே அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்ததாக, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கோப்பு வேண்டும். அதில் ஆர்டர் பற்றிய உரையாடலின் படம், தேதியும் வரிசை எண்ணும் உள்ள பில், பணம் வந்ததற்கான யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்), பார்சல் ரசீது, ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தின் படம் ஆகியவை இருக்க வேண்டும். டிராக்கிங் விவரம் இணையத்தில் என்றென்றும் இருக்காது என்பதால், பொருள் போய்ச் சேர்ந்த அன்றே அதைப் படமெடுத்து வைத்துவிடுங்கள். விலை அதிகமான பொருளாக இருந்தால், வாங்குபவரிடம் ஓடிபி கேட்ட பிறகே ஒப்படைக்கும் கூரியர் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்டிலும் இப்போது அந்த வசதி உண்டு.

இரண்டாம் படி: பார்சலை அனுப்புவதற்கு முன் பணத்தைப் பாருங்கள்

பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பக் கூடாது. உங்கள் வங்கிச் செயலியில் தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான். அவ்வளவாகத் தெரியாதது, உண்மையாகவே வந்து சேர்ந்த பணமும் திருட்டுப் பணமாக இருக்கலாம் என்பது.

அது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்வது அவசியம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒருவரிடம் மோசடிக்காரர் ஒருவர் 9,000 ரூபாய்க்கு ஆர்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பவர் தரும் கியூஆர் குறியீட்டை அவர், பகுதி நேர வேலை என்றோ முதலீடு என்றோ ஏமாற்றி வைத்திருக்கும் இன்னொருவருக்கு அனுப்புகிறார். ஏமாந்தவர் 9,000 ரூபாயைச் செலுத்துகிறார். சேலைகளோ மோசடிக்காரர் சொன்ன முகவரிக்குப் போகின்றன. சில நாட்களில் ஏமாந்தவர் காவல்துறையில் புகார் கொடுக்கும்போது அவருடைய வங்கிப் பதிவில் இருப்பது சேலை விற்றவரின் பெயர் மட்டுமே. விற்றவருக்கு ஏமாந்தவரைத் தெரியாது, ஏமாந்தவருக்கு விற்றவரைத் தெரியாது. இருவரையும் தெரிந்த ஒரே ஆள் சேலைகளோடு மறைந்துவிடுகிறார்.

ஆகவே, ஆர்டர் கொடுத்தவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். கணவரின் கணக்கு, மகளின் கணக்கு என்று சொல்வது இயல்புதான். இருந்தாலும் அந்தப் பதிலை உரையாடலில் எழுத்தாக வாங்கி வையுங்கள். விலை பேசாமல், நிறம் கேட்காமல், பெருந்தொகைக்கு அவசரமாக வாங்குகிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். தங்கக் காசு, கைப்பேசி, பரிசு அட்டை போன்று உடனே காசாக்கக்கூடிய பொருள்களை விற்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

யாராவது தவறுதலாக அதிகப் பணம் போட்டுவிட்டதாகவும் மீதியை வேறொரு எண்ணுக்கு அனுப்பும்படியும் சொன்னால், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே, வங்கி அல்லது பேமெண்ட் கேட்வே (இணையத்தில் வாடிக்கையாளரின் பணத்தை உங்களுக்காக வாங்கித் தரும் நிறுவனம்) தரும் ரீஃபண்ட் வசதியின் வழியாகவே திருப்பி அனுப்ப வேண்டும். வேறு எண்ணுக்கு அனுப்பினால், திருட்டுப் பணத்தைக் கைமாற்றிய இடைக்கணக்காக உங்கள் கணக்கு பதிவாகிவிடும்.

மூன்றாம் படி: தடுத்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

கேட்வேயிலிருந்து “டிஸ்ப்யூட்” அல்லது “சார்ஜ்பேக்” என்று மின்னஞ்சல் வந்திருந்தால், அட்டை வைத்திருப்பவர் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தம் வங்கியிடம் முறையிட்டிருக்கிறார் என்று பொருள். ஒரு குறிப்பிட்ட ஆர்டரைச் சுட்டாமல் செட்டில்மென்ட் (கேட்வே உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்புவது) மட்டும் நின்றிருந்தால், தடுத்திருப்பது கேட்வே நிறுவனத்தின் இடர் கண்காணிப்புப் பிரிவாக இருக்கும். வங்கிக் கணக்கிலேயே பணம் எடுக்க முடியவில்லை, அல்லது இருப்பில் ஒரு பகுதி “லீன்” (எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்த தொகை) என்று காட்டுகிறது என்றால், பெரும்பாலும் அது காவல்துறையின் கோரிக்கையாக இருக்கும். கேஒய்சி (வங்கியிடம் தரும் அடையாள விவரம்) புதுப்பிக்காததும் வரித்துறை உத்தரவும்கூடக் காரணமாகலாம் என்பதால் வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: சார்ஜ்பேக் வந்தால்

விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி அட்டைதாரருக்குப் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாட்கள் வரை முறையிட அவகாசம் உண்டு. விற்றவருக்கோ பதில் சொல்லச் சில நாட்கள்தான் கிடைக்கும். அந்தக் கெடு மின்னஞ்சலிலேயே இருக்கும். அது தாண்டினால் ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பணம் போய்விடும்.

முதலில் காரணக் குறியீட்டைப் படியுங்கள். விசாவில் 13.1 என்றால் பொருள் வரவில்லை என்ற முறையீடு. அதற்குப் பதில் ஒப்படைப்புச் சான்று. 13.3 என்றால் சொன்னபடி பொருள் இல்லை என்ற முறையீடு. அதற்கு விளம்பரத்தில் இருந்த விவரமும், பார்சல் கட்டும்போது எடுத்த காணொளியும், உங்கள் திரும்பப் பெறும் விதிமுறையும் வேண்டும். 10.4 என்றால் இந்தச் செலவை நான் செய்யவே இல்லை என்று அட்டைதாரர் சொல்கிறார். இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பொருள் போய்ச் சேர்ந்ததை நிரூபிப்பது இதற்கு விடையாகாது; அட்டைக்கு உரியவரே வாங்கினார் என்பதைக் காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் விசா ஒரு வழியைத் திறந்திருக்கிறது. அதே அட்டையில் 120 முதல் 365 நாட்களுக்கு முன் தகராறில்லாமல் முடிந்த இரண்டு பரிவர்த்தனைகள் இருந்து, அவற்றின் ஐபி முகவரியோ (இணைய இணைப்பின் எண்) கருவி அடையாளமோ ஒன்றும், உள்நுழைவுக் கணக்கோ அனுப்பும் முகவரியோ ஒன்றும் இப்போதைய ஆர்டரோடு ஒத்துப்போனால், மோசடி என்ற முறையீட்டை விற்பவர் மறுக்கலாம். பழைய வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு இது பெரிய துணை. நேற்றுத் தொடங்கிய கடைக்கு அவ்வளவாக உதவாது.

ஓடிபி கொடுத்து முடிந்த இந்திய அட்டைப் பரிவர்த்தனைகளில், மோசடி என்ற முறையீட்டின் இழப்பை விற்பவர் ஏற்க வேண்டிய நிலை பொதுவாக வருவதில்லை. அட்டை வழங்கிய வங்கியே அதற்குப் பொறுப்பாகிறது. வெளிநாட்டு அட்டைகளில் ஓடிபி இல்லாமலேயே பணம் வந்துவிடுவதுண்டு. எனவே வெளிநாட்டு ஆர்டர்கள் உங்களுக்குத் தேவையில்லை என்றால், கேட்வேயில் அந்த வசதியை நிறுத்தி வைப்பதே நல்லது.

ஐந்தாம் படி: கேட்வே செட்டில்மென்டை நிறுத்தினால்

விற்பனை திடீரென்று பலமடங்கு ஏறுவது, பதிவுசெய்தபோது சொன்ன பொருளை விட்டு வேறொன்றை விற்பது, தளத்தில் முகவரியும் திரும்பப் பெறும் விதிமுறையும் இல்லாதிருப்பது, சார்ஜ்பேக் கூடுவது ஆகியவையே வழக்கமான காரணங்கள். தீபாவளிக்கு விற்பனை ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். நிறுத்திவிட்டால், கேட்கும் ஆவணங்களை ஒரே தொகுப்பாக அனுப்பி, எந்தத் தொகை எந்தத் தேதிவரை வைத்திருக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவையில் பதில் இல்லையென்றால், நிறுவனத்தின் தளத்தில் உள்ள, புகார்களுக்குப் பொறுப்பான நோடல் அதிகாரியின் முகவரிக்கு அதே மின்னஞ்சல் தொடரை அனுப்புங்கள்.

ஆறாம் படி: காவல்துறை கோரிக்கையால் கணக்கு முடங்கினால்

பணமோசடியில் ஏமாந்தவர் 1930 என்ற எண்ணை அழைத்தாலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவுசெய்தாலோ, அந்தத் தகவல் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் முதலில் சேர்ந்த கணக்கு, அங்கிருந்து போன கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று அடுக்கடுக்காகத் தொடர்ந்து நிறுத்துகிறார்கள். ஏமாந்தவரின் சேமிப்பைக் காப்பாற்ற இந்த வேகம் தேவைதான். ஆனால் மூன்றாம் அடுக்கிலோ நான்காம் அடுக்கிலோ இருக்கும் ஒரு காய்கறிக் கடைக்காரரின் முழுக் கணக்கையும் சில ஆயிரம் ரூபாய்க்காக நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் காரணம்கூடச் சொல்லாமல் விடுவது அநீதி.

உங்களுக்கு இது நேர்ந்தால், முதலில் வங்கிக் கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, முத்திரையுடன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் கேட்க வேண்டியவை: புகாரின் ஒப்புகை எண், புகார் பதிவான மாநிலமும் காவல் நிலையமும், விசாரணை அதிகாரியின் அலுவல் மின்னஞ்சல், சம்பந்தப்பட்ட பரிவர்த்தனையின் தேதியும் யூடிஆர் எண்ணும் தொகையும், கணக்கு முழுவதும் முடக்கப்பட்டதா அல்லது அந்தத் தொகைக்கு மட்டும் லீன் வைக்கப்பட்டதா என்ற விவரம். “சைபர் கிரைமில் போய்க் கேளுங்கள்” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், மரியாதையாக அங்கேயே நின்று எழுத்தில் கேளுங்கள். இந்த விவரங்கள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே முடியாது.

யூடிஆர் எண் கிடைத்ததும் அது எந்த ஆர்டர் என்று தேடி எடுங்கள். விசாரணை அதிகாரிக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் இன்ன பொருளை விற்பவர். இன்ன தேதியில் இன்ன எண்ணிலிருந்து ஆர்டர் வந்தது. இன்ன முகவரிக்கு அனுப்பினேன். பணத்தின் மூலம் எனக்குத் தெரியாது. மோசடி செய்தவரின் கைப்பேசி எண்ணும் ஒப்படைப்பு முகவரியும் இதோ என்று வரிசையாக எழுதி, பில், உரையாடல், பார்சல் ரசீது, ஒப்படைப்புச் சான்று, உத்யம் (சிறு தொழில் பதிவு) அல்லது ஜிஎஸ்டி சான்று, அந்த மாத வங்கி அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். குற்றவாளியைப் பற்றி விசாரணைக்கு உதவும் விவரம் உங்களிடம்தான் இருக்கிறது; அதைத் தருகிறவர் என்ற முறையில் எழுதும்போது கடிதத்துக்கு மதிப்புக் கூடுகிறது. முடிவில் இரண்டு கோரிக்கைகளை வையுங்கள்: கணக்கை விடுவிக்க ஆட்சேபம் இல்லை என்று வங்கிக்குத் தடையில்லாச் சான்று தர வேண்டும், அதற்குத் தாமதமானால், சர்ச்சைக்குரிய தொகைக்கு மட்டும் லீன் வைத்துக் கணக்கின் மற்ற பகுதியையாவது விடுவிக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைக்குச் சட்ட ஆதரவு இருக்கிறது. முடக்கத்தைக் குறிப்பிட்ட தொகையோடு நிறுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையைப் பாதிக்கிறது என்று கூறி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. மேலும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஒரு சொத்தைக் கைப்பற்றும் காவல் அதிகாரி, அதைத் தாமதமின்றி உரிய நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்கப்பட்டதா என்று உங்கள் கடிதத்தில் கேட்கலாம். பதிலே வராவிட்டால், அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின் கீழ் அந்த நடுவரிடம் மனு செய்வதும், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதும் வழிகள். இரண்டுக்கும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். சிக்கியிருக்கும் தொகையையும் ஆகும் செலவையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

பலர் நேராக, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவுப்படி வங்கி எடுத்த நடவடிக்கை ஒம்புட்ஸ்மேன் திட்டத்தின் வரம்புக்குள் வராது. வங்கி தானாகவே செய்த குறைபாட்டுக்கு, வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காதபோது அங்கே செல்லலாம், கட்டணம் இல்லை.

இந்த நேரத்தில் உங்களைத் தேடி வரும் இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கணக்கை விடுவித்துத் தருவதாகக் கைப்பேசியில் பேசிப் பணம் கேட்பவர்கள், காவல் அதிகாரி என்று சொல்லிக் காணொளி அழைப்பில் மிரட்டுபவர்கள் ஆகியோர் பெரும்பாலும் மோசடிக்காரர்களே. அழைப்பவர் உண்மையான அதிகாரியா என்ற ஐயம் வந்தால், அந்தக் காவல் நிலையத்தின் எண்ணை நீங்களாகவே தேடி அழைத்து உறுதிசெய்யுங்கள், அல்லது உங்கள் மாவட்ட சைபர் குற்றப்பிரிவில் கேளுங்கள்.

ஏழாம் படி: கணக்கு விடுபட்ட பிறகு

தடையில்லாச் சான்று வங்கிக்கு மின்னஞ்சலில் போனதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கிளைக்குச் சென்று, லீன் நீக்கப்பட்டதா, யூபிஐயும் இணையவழி வங்கிச் சேவையும் மீண்டும் இயங்குகின்றனவா என்று சரிபாருங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு புகார் எண்கள் பதிவாகியிருந்தால், ஒன்று நீங்கிய பிறகும் மற்றது நிற்கும். ஆகவே வேறு கோரிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடங்கியிருந்த காலத்தில் கடன் தவணை திரும்பியிருந்தால், அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் கடன் தகவல் அறிக்கையில் அதைத் திருத்தவும் கோரி, முடக்கக் கடிதத்தின் நகலுடன் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள்.